அத்தியாயம் 7: காற்று வரும் வழி, காற்று போகும் வழி

ஓவர்கிளாக் செய்த கணினி சூடாகிறது என்றதும் பலரும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். பெரிய கூலர் வாங்குகிறார்கள். இல்லையென்றால் கேபினெட்டில் காலியாக இருக்கும் இடத்திலெல்லாம் ஃபேன் மாட்டுகிறார்கள். சில சமயம் இதற்குப் பலன் உண்டு. பல சமயம் காசு கரைவதுதான் மிச்சம்.

கூலர் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ச்சியாக பிராசஸரை வைத்திருக்க அதனால் முடியாது. கூலரின் வாசலுக்கு வந்து சேரும் காற்று எத்தனை டிகிரி என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. அந்த ஓர் எண்ணைக் குறைப்பது எப்படி என்பதே இந்த அத்தியாயம். இதில் வரும் டிகிரி எல்லாம் செல்சியஸ்.

வோல்டேஜ் ஏறினால் என்ன ஆகிறது

ஒரு சிப் இழுக்கும் மின்சாரம் அதன் வேகத்துக்கு நேர் விகிதத்தில் ஏறும். வோல்டேஜுக்கோ அதன் வர்க்கத்தின் கணக்கில் ஏறும். 4.5 கிகாஹெர்ட்ஸ், 1.20 வோல்ட்டில் ஓடிக்கொண்டிருந்த பிராசஸரை 5.0 கிகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட்டுக்கு ஏற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வேகம் 11 சதவீதம் கூடியது. வோல்டேஜ் 12.5 சதவீதம் கூடியது; வர்க்கக் கணக்கில் அது 27 சதவீதம். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள்: மின்சாரம் 40 சதவீதம் கூடியிருக்கும். முன்பு 130 வாட் இழுத்த சிப் இப்போது 180 வாட்டைத் தாண்டும். இழுத்த மின்சாரம் அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியேற வேண்டும். அதற்கு வேறு போக்கிடம் கிடையாது.

இதோடு கசிவு மின்னோட்டமும் சேர்கிறது. சிப் சூடாகச் சூடாக அது கூடும். அதே வேகத்துக்கு அதே சிப் இன்னும் கொஞ்சம் அதிக மின்சாரம் இழுக்கும். திருப்பிப் பார்த்தால் இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. காற்றோட்டத்தைச் சரிசெய்து சில டிகிரி குறைத்தால், குறைந்த வெப்பத்தோடு மின்சாரமும் சிறிது குறையும்.

ஓவர்கிளாக் செய்யாமலே இன்றைய பாகங்கள் எவ்வளவு இழுக்கின்றன என்பதையும் மனத்தில் வையுங்கள். இன்டெல் கோர் ஐ9-13900கே பிராசஸரின் அதிகபட்ச டர்போ அளவு 253 வாட். என்விடியா ஆர்டிஎக்ஸ் 4090 கார்டின் அளவு 450 வாட். இவற்றை ஒரே பெட்டிக்குள் வைத்து, அதற்கு மேலும் முடுக்குகிறோம்.

மூன்று படிகளின் கூட்டல்

பிராசஸரின் வெப்பநிலையை ஒரே எண்ணாகப் பார்த்தால் எங்கே கை வைப்பது என்று தெரியாது. அதை மூன்றாகப் பிரியுங்கள். முதல் படி, அறையின் வெப்பநிலை. இரண்டாம் படி, அறைக் காற்றைவிடக் கேபினெட்டுக்குள் இருக்கும் காற்று எத்தனை டிகிரி கூடுதல் என்பது. மூன்றாம் படி, அந்தக் காற்றைவிட பிராசஸர் எத்தனை டிகிரி கூடுதல் என்பது.

அறை 34, கேபினெட்டுக்குள் கூடுதல் 12, கூலரின் மேல் கூடுதல் 45 என்றால் பிராசஸர் 91 டிகிரியில் நிற்கும். மூன்றாம் படி கூலர், பேஸ்ட், வோல்டேஜ் ஆகியவற்றின் கையில் இருக்கிறது. முதல் படி வானிலையின் கையில், அல்லது ஏசியின் கையில். காற்றோட்டத்தால் குறைக்கக்கூடியது நடுவில் இருக்கும் அந்த 12 மட்டுமே. அதை 5 ஆக்கினால் பிராசஸர் ஏறக்குறைய 84க்கு இறங்கும். அதே 7 டிகிரி கிராபிக்ஸ் கார்டு, ராம், எஸ்எஸ்டி, மதர்போர்டின் மின்சப்ளைச் சுற்று எல்லாவற்றிலும் கிடைக்கும். பெரிய கூலர் பிராசஸருக்கு மட்டும்தான் உதவும். நல்ல காற்றோட்டம் பெட்டிக்குள் இருக்கும் அனைத்துக்கும் உதவும்.

இந்தக் கணக்கு புதிதல்ல. 2000களின் நடுவில், சூட்டுக்குப் பேர்போன பென்டியம் 4 சிப்கள் விற்பனையில் இருந்த காலத்தில், கேபினெட் தயாரிப்பாளர்களுக்கு இன்டெல் ஓர் அளவுகோல் வைத்தது: அறை 35 டிகிரியாக இருக்கும்போது பிராசஸர் ஃபேனின் வாசலில் காற்று 38 டிகிரியைத் தாண்டக் கூடாது. இடைப்பட்ட உயர்வு வெறும் 3 டிகிரி. அதற்காகத்தான் அந்தக் காலக் கேபினெட்டுகளின் பக்கவாட்டு மூடியில் குழாய் போன்ற ஒரு பிளாஸ்டிக் கூம்பு இருந்தது. வெளிக்காற்றை அது நேராக பிராசஸர் ஃபேனுக்குக் கொண்டுவந்தது. நம் ஊரில் கோடையில் ஏசி இல்லாத அறைக்கு 35 டிகிரி சர்வசாதாரணம். ஆகவே அந்த 3 டிகிரி இலக்கை நெருங்கும் முயற்சி நமக்கு மற்றவர்களைவிட அதிகம் தேவைப்படுகிறது.

வாங்குவதற்கு முன் சோதியுங்கள்

எந்த ஃபேனையும் வாங்குவதற்கு முன் ஒரு மாலை நேரத்தைச் சோதனைக்கு ஒதுக்குங்கள். தேவையானவை: ஒரு சாதாரண அறை வெப்பமானி; வெப்பநிலைகளைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற ஒரு மென்பொருள்; பிராசஸருக்குச் சுமை கொடுக்க சினிபெஞ்ச் அல்லது பிரைம்95; கிராபிக்ஸ் கார்டுக்குச் சுமை கொடுக்க ஒரு கனமான கேம் அல்லது ஃபர்மார்க்.

முதல் சோதனையில் எல்லா மூடிகளும் மூடியிருக்கட்டும். ஃபேன் வேகங்களை பயாஸில் 60 அல்லது 70 சதவீதத்தில் நிலையாக நிறுத்துங்கள். தானாக ஏறி இறங்கும் ஃபேனோடு செய்யும் ஒப்பீடு எதையும் சொல்லாது. பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு இரண்டுக்கும் ஒன்றாகச் சுமை கொடுத்து அரை மணி நேரம் ஓடவிடுங்கள். கேபினெட்டின் உலோகமும் உள்ளே இருக்கும் காற்றும் சூடேறி ஒரு நிலைக்கு வர அவ்வளவு நேரம் ஆகும். 5 நிமிட ஓட்டம் பொய் சொல்லும். பிறகு அறை வெப்பநிலை, பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு, மதர்போர்டு, எஸ்எஸ்டி ஆகியவற்றின் எண்களை ஒரு தாளில் எழுதுங்கள்.

இரண்டாம் சோதனையில் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு அதே சுமையை அதே நேரம் ஓட்டுங்கள். மூன்றாம் சோதனையில் பக்கவாட்டு மூடியைத் திரும்ப மாட்டி, முன்பக்க மூடியை மட்டும் கழற்றி ஓட்டுங்கள்.

ஒவ்வொரு முறையும் பாகத்தின் வெப்பநிலையிலிருந்து அறை வெப்பநிலையைக் கழித்து, அந்த வித்தியாசத்தை மட்டும் ஒப்பிடுங்கள். மாலை ஆறு மணிக்கு 33 டிகிரியாக இருந்த அறை இரவு ஒன்பது மணிக்கு 30 ஆகியிருக்கும். அந்த 3 டிகிரியைப் புது ஃபேனின் சாதனை என்று நினைத்துவிடக் கூடாது.

இனி முடிவைப் படிப்போம். பக்கவாட்டு மூடியைக் கழற்றியதும் 5 டிகிரிக்கு மேல் இறங்கினால் கேபினெட்டுக்குக் காற்றுப் பஞ்சம். முன்மூடியைக் கழற்றியதும் அதே அளவு இறங்கினால், ஃபேன்களில் குறையில்லை. முன்மூடிதான் அவற்றின் மூச்சைப் பிடிக்கிறது. மூடியைக் கழற்றியும் இரண்டு மூன்று டிகிரிதான் மாறுகிறது என்றால் காற்றோட்டம் போதுமான அளவு இருக்கிறது. அந்த நிலையில் எத்தனை ஃபேன் சேர்த்தாலும் பலன் இராது. இந்த அத்தியாயத்தின் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

மூடியைத் திறந்து வைத்தால் குளிர்ச்சி கிடைக்கிறதே, அப்படியே விட்டுவிடலாமே என்று தோன்றும். சோதனைக்கு அது சரி, அன்றாடத்துக்கு வேண்டாம். வடிகட்டி இல்லாத திறந்த பக்கத்தின் வழியாகத் தூசி எல்லாப் பாகங்களிலும் படியும். அதோடு, முன்னிருந்து பின்னுக்குச் செல்லும் ஓட்டம் கலைந்து, ராமும் மின்சப்ளைச் சுற்றும் நிற்கும் காற்றில் மாட்டிக்கொள்ளும்.

இன்னொரு எச்சரிக்கை. ரைசன் 7000 வரிசையின் பல பிராசஸர்கள் கனமான சுமையில் 95 டிகிரியைத் தொடும்வரை தாமாகவே வேகத்தை ஏற்றிக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டவை. காற்றோட்டம் நன்றாக ஆனாலும் அவை அதே 95இல் நிற்கலாம். வேகம் மட்டும் கூடியிருக்கும். அத்தகைய பிராசஸரில் டிகிரியோடு மெகாஹெர்ட்ஸையும் சினிபெஞ்ச் மதிப்பெண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.

எவ்வளவு காற்று வேண்டும்

இதற்கு உத்தேசம் தேவையில்லை, கணக்கே இருக்கிறது. பிராசஸர் 200, கிராபிக்ஸ் கார்டு 250, மற்றவை 50 என மொத்தம் 500 வாட் வெப்பம் என்று கொள்வோம். 35 டிகிரி அறையில், இந்த வெப்பத்தை ஏற்றுக்கொண்டு 10 டிகிரி மட்டும் சூடாகி வெளியேற, மணிக்கு ஏறத்தாழ 156 கனமீட்டர் காற்று ஓட வேண்டும். ஃபேன் பெட்டிகளில் அச்சிடும் சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) அளவில் அது 92. நல்ல 120 மில்லிமீட்டர் ஃபேன்களின் பெட்டியில் 55 முதல் 60 சிஎஃப்எம் என்று போட்டிருக்கும். இரண்டு போதும் போலத் தோன்றும். ஆனால் பெட்டியில் உள்ள எண் எந்தத் தடையும் இல்லாத திறந்த வெளியில், முழு வேகத்தில் அளந்தது. வலை, வடிகட்டி, கேபிள், மூடி எல்லாவற்றையும் தாண்டி, காதுக்கு இதமான வேகத்தில் ஓடும்போது பாதிதான் கிடைக்கும் என்று திட்டமிடுவது பாதுகாப்பு. அப்படிப் பார்த்தால் காற்றை உள்ளிழுக்க மூன்று ஃபேன் என்ற கணக்கு வரும்.

இதே கணக்கு, எங்கே நிறுத்துவது என்பதையும் சொல்கிறது. காற்றை இரட்டிப்பாக்கினால் உயர்வு பாதியாகும். 20 டிகிரி உயர்வை 10 ஆக்க ஒரு மடங்கு கூடுதல் காற்று வேண்டும்; மிச்சம் 10 டிகிரி. அந்த 10ஐ 5 ஆக்க மறுபடியும் இரட்டிப்பு. மிச்சம் 5 டிகிரி. அடுத்த இரட்டிப்பில் மிச்சம் இரண்டரைதான். முதல் இரண்டு மூன்று ஃபேன்கள் அற்புதம் செய்வதும், ஆறாவது ஏழாவது ஃபேன் சத்தம் மட்டும் சேர்ப்பதும் இதனால்தான்.

பாதை ஒன்றாக இருக்கட்டும்

பழைய வீடுகளில் தெருவாசலில் நின்றால் கொல்லை வாசல் தெரியும். நடுவில் மறைப்பு இல்லாததால் காற்று நேராக ஓடும். கேபினெட்டுக்கும் அதுதான் சரியான அமைப்பு: முன்னால் நுழைந்து, பாகங்களைத் தொட்டு, பின்னாலும் மேலே பின்மூலையிலும் வெளியேற வேண்டும்.

சாதாரண டவர் கேபினெட்டில் முன்பக்கம் இரண்டு அல்லது மூன்று ஃபேன் காற்றை உள்ளிழுக்கட்டும். பின்பக்கம் ஒன்று வெளித்தள்ளட்டும். மேலே, பின்மூலையில் ஒன்று வெளித்தள்ளலாம். பெரும்பாலான கணினிகளுக்கு இதுவே போதும். மேலே முன்மூலையில் வெளித்தள்ளும் ஃபேன் மாட்டாதீர்கள். முன்னால் நுழைந்த குளிர்ந்த காற்று பிராசஸர் கூலரை அடைவதற்கு முன்பே அது மேலே உறிஞ்சி வெளியேற்றிவிடும்.

சூடான காற்று மேலே போகும் என்பது உண்மைதான். ஆனால் பெட்டிக்குள் அந்த விசை மிகச் சிறியது. மெதுவாக ஓடும் ஒரு ஃபேன்கூட அதை மீறிவிடும். ஆகவே கீழிருந்து மேலா, முன்னிருந்து பின்னா என்று குழம்ப வேண்டாம். எல்லா ஃபேன்களும் ஒரே ஓட்டத்துக்கு உதவுகின்றனவா என்பதை மட்டும் பாருங்கள்.

பிராசஸரின் டவர் கூலரும் அதே திசையில் இருக்க வேண்டும். கூலரின் ஃபேன் முன்பக்கம் பார்த்து இழுத்து, பின்பக்க ஃபேனை நோக்கித் தள்ள வேண்டும். ஃபேன் எந்தப் பக்கம் ஊதுகிறது என்பதில் சந்தேகம் வந்தால் அதன் சட்டத்தைப் பாருங்கள். நடு மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கைகள் தெரியும் பக்கம் காற்று வெளியேறும் பக்கம். சில ஃபேன்களின் ஓரத்தில் அம்புக்குறியும் பொறித்திருக்கும்.

கிராபிக்ஸ் கார்டுக்குத் தனிக் கவனம் தேவை. இரண்டு மூன்று ஃபேன் கொண்ட இன்றைய கார்டுகள் தங்கள் வெப்பத்தில் பெரும்பகுதியைப் பெட்டிக்குள்ளேயே விடுகின்றன. அந்த வெப்பம் நேர் மேலே இருக்கும் பிராசஸர் கூலருக்குள் போகிறது. கேம் ஆடும்போது பிராசஸர் சூடாவதற்குப் பல வேளைகளில் கார்டே காரணம். முன்பக்க ஃபேன்களில் ஒன்று கார்டின் அடிப்பக்கத்துக்குக் காற்று கொடுக்கும் உயரத்தில் இருக்கட்டும். அடியில் ஃபேன் மாட்ட வசதி இருந்தால் இன்னும் நல்லது. கார்டின் ஃபேன்களுக்கு எதிரே இன்னொரு கார்டை நெருக்கமாகச் செருகாதீர்கள்.

வாட்டர் கூலர் வைத்திருப்பவர்கள் ரேடியேட்டரை முன்னால் வைத்தால் பிராசஸருக்கு வெளிக்காற்று கிடைக்கும், ஆனால் கார்டுக்குச் சூடான காற்று போகும். மேலே வைத்தால் இதற்கு நேர்மாறு. கேம்தான் முக்கியம் என்றால் மேலே வையுங்கள். இன்னொன்று: பிராசஸரின் மேல் வழக்கமான கூலர் இல்லாததால், அதைச் சுற்றியுள்ள மின்சப்ளைச் சுற்றுக்குக் கிடைத்துவந்த காற்று நின்றுபோயிருக்கும். ஓவர்கிளாக்கில் அதிகம் உழைப்பது அந்தச் சுற்றுதான். ஆகவே பின்பக்க ஃபேனை ஒருபோதும் கழற்றாதீர்கள்.

எந்த ஃபேன்

சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும் சிஎஃப்எம் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதன் பக்கத்திலேயே அழுத்தம் என்று ஓர் எண் மில்லிமீட்டர் நீர் அளவில் இருக்கும். தடையை எதிர்த்துக் காற்றைத் தள்ளும் வலிமை அது. முன்பக்க வலை, வடிகட்டி, ரேடியேட்டர் ஆகியவற்றுக்குப் பின்னால் வேலை செய்யும் ஃபேனுக்கு இது 2 மில்லிமீட்டரை ஒட்டி இருப்பது நல்லது. ஆர்க்டிக் பி12 ஃபேனுக்கு 2.2; நோக்டுவா என்எஃப்-ஏ12எக்ஸ்25க்கு 2.34. பின்பக்கம் வெளித்தள்ளும் ஃபேனுக்கு எதிரே பெரிய தடை இல்லாததால் அங்கே சாதாரண ஃபேனே போதும்.

இடம் இருந்தால் 120க்குப் பதில் 140 மில்லிமீட்டர் ஃபேன் மாட்டுங்கள். அதே காற்றைக் குறைந்த சுழற்சியில் தரும், சத்தமும் குறையும்.

ஒரு ஃபேனை வேகமாக ஓட்டுவதைவிட இரண்டை நிதானமாக ஓட்டுவது மேல் என்பதற்கும் கணக்கு உண்டு. ஒரே மாதிரி இரண்டாவது ஃபேனைச் சேர்த்தால் சத்தம் 3 டெசிபல் கூடும். சுழற்சியை 20 சதவீதம் குறைத்தால் சத்தம் ஏறத்தாழ 5 டெசிபல் குறையும், காற்றோ 20 சதவீதம்தான் குறையும். இரண்டு ஃபேன்களை 80 சதவீத வேகத்தில் ஓட்டினால் ஒற்றை ஃபேன் முழு வேகத்தில் தருவதைவிடக் காற்றும் அதிகம், சத்தமும் குறைவு.

நான்கு பின் கொண்ட ஃபேன்களையே வாங்குங்கள். அவற்றின் வேகத்தை மதர்போர்டு துல்லியமாகக் கட்டுப்படுத்தும். கையில் இருப்பது மூன்று பின் என்றால் பயாஸில் அந்த இணைப்பை டிசி முறைக்கு மாற்றினால்தான் வேகம் மாறும். ஒரே இணைப்பிலிருந்து பிரித்துப் பல ஃபேன்களை ஓட்டுவதானால், மதர்போர்டின் ஃபேன் இணைப்பு பொதுவாக 1 ஆம்பியர் வரைதான் தாங்கும் என்பதை நினைவில் வையுங்கள். ஃபேனின் நடுவில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஆம்பியர் போட்டிருக்கும். கூட்டிப் பார்த்துவிட்டு இணையுங்கள்.

ஊதுபத்திச் சோதனை

வெளியேறுவதைவிட உள்ளே வருவது சற்றுக் கூடுதலாக இருந்தால் பெட்டிக்குள் அழுத்தம் கூடுதலாக இருக்கும். காற்று எல்லா இடுக்குகளிலும் வெளியே கசியும். வெளித்தள்ளல் கூடுதலாக இருந்தால் எல்லா இடுக்குகளும் காற்றை உறிஞ்சும், கூடவே தூசியையும். தூசி அதிகமான நம் சூழலுக்கு முதல் வகையே ஏற்றது. எது நடக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம்.

அறையின் சீலிங் ஃபேனையும் ஏசியையும் நிறுத்துங்கள். கேபினெட்டின் எல்லா மூடிகளையும் மூடி, ஃபேன்களை 60 சதவீதத்தில் ஓடவிடுங்கள். ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, சாம்பல் விழாதபடி அடியில் ஒரு தட்டை ஏந்திக்கொண்டு, முன் வலையிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். மேலே எழும் புகைக்கோடு வளைந்து வலைக்குள் போக வேண்டும். எந்த உயரத்தில் வலுவாக இழுக்கிறது, எங்கே இழுப்பே இல்லை என்பது தெரியும். பிறகு பின்பக்கம் வாருங்கள். கிராபிக்ஸ் கார்டு செருகியிருக்கும் இடத்துக்குக் கீழே ஓட்டை போட்ட தகடுகள் இருக்கின்றன அல்லவா, அங்கே பிடியுங்கள். புகை வெளியே தள்ளப்பட்டால் அழுத்தம் சரி. புகை உள்ளே இழுக்கப்பட்டால், பின்னால் வெளியேறிய சூடான காற்றையே உங்கள் கணினி மறுபடியும் குடித்துக்கொண்டிருக்கிறது. அப்போது மேலே உள்ள ஃபேனின் வேகத்தைக் குறைத்தோ நிறுத்தியோ மறுபடியும் பாருங்கள். காசு செலவில்லாமல் சில டிகிரி இறங்க இது ஒன்றே போதுமானதாக இருக்கலாம்.

புகையை உள்ளே அதிக நேரம் போகவிடாதீர்கள். ஒவ்வோர் இடத்திலும் சில விநாடிகள் போதும். ஊதுபத்தி வேண்டாம் என்றால் மெல்லிய டிஷ்யூ தாளை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்துத் தொங்கவிட்டும் பார்க்கலாம்.

வழியில் இருக்கும் தடைகள்

பெரிய தடை பெரும்பாலும் முன்மூடிதான். கண்ணாடியோ மூடிய பிளாஸ்டிக்கோ முன்னால் இருந்தால் ஃபேன்கள் ஓரத்துச் சிறு இடைவெளிகள் வழியாகத்தான் மூச்சு விட வேண்டும். கோர்சேர் 4000டி கேபினெட்டை 2020இல் மூடிய முன்பக்கத்தோடு ஒரு வடிவமாகவும், துளைகள் நிறைந்த முன்பக்கத்தோடு ‘ஏர்ஃப்ளோ’ என்ற பெயரில் இன்னொரு வடிவமாகவும் வெளியிட்டார்கள். புதிதாக வாங்குகிறவர்கள் எந்த நிறுவனமானாலும் துளை வலை வகையையே தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே மூடிய வகை வைத்திருப்பவர்கள், மூன்றாம் சோதனையின் எண்ணைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

அடுத்தது கேபிள்கள். மெல்லிய கேபிள் ஒன்றிரண்டு குறுக்கே போனால் பெரிய நஷ்டம் இல்லை. முன் ஃபேனுக்கும் கார்டுக்கும் நடுவில் கொத்தாகத் தொங்குவதுதான் கெடுதல். 24 பின் கேபிளையும் கார்டுக்கான கேபிளையும் மதர்போர்டு தட்டின் பின்புறமாகக் கொண்டுபோய்ப் பட்டை போட்டுக் கட்டுங்கள். கேபிள் நுனி எதுவும் ஃபேன் இறக்கையில் உரசாமல் பாருங்கள். பயன்படுத்தாத ஹார்ட் டிஸ்க் கூண்டு முன் ஃபேனுக்குப் பின்னால் இருந்தால் கழற்றி எடுத்துவிடுங்கள்.

பவர் சப்ளை கேபினெட்டின் அடியில் இருந்து, அதற்குக் கீழே துளையும் வடிகட்டியும் இருந்தால், அதன் ஃபேன் கீழ்நோக்கி இருக்கட்டும். வெளிக்காற்றை எடுத்து நேராகப் பின்னால் விட்டுவிடும். கேபினெட்டைக் கம்பளத்தின் மேல் வைத்திருந்தால் அந்தத் துளை அடைபட்டுப்போகும். கீழே ஒரு பலகை போடுங்கள்.

கடைசியாக மேசை. கணினி மேசைகளில் கேபினெட்டுக்கென்று மூன்று பக்கமும் அடைத்த ஒரு பொந்து வைத்திருப்பார்கள். பின்னால் வெளியேறும் சூடான காற்று அங்கேயே சுழன்று முன்னால் வந்துவிடும். வெப்பமானியை முதலில் அறையின் நடுவிலும், பிறகு சுமை ஓடும்போது கேபினெட்டின் முன் வலை அருகிலும் வைத்துப் பாருங்கள். வலை அருகே 5 டிகிரி கூடுதலாக இருந்தால், உள்ளே இருக்கும் எல்லாப் பாகங்களும் அந்த 5 டிகிரியைச் சுமக்கின்றன. கேபினெட்டைப் பொந்திலிருந்து வெளியே எடுத்து, பின்சுவரிலிருந்து ஒரு சாணுக்குக் குறையாமல் தள்ளி வையுங்கள். இதைவிட மலிவான வைத்தியம் கிடையாது.

ஃபேன் வேகத்தை எதற்குக் கட்டுவது

மதர்போர்டுகள் வழக்கமாகக் கேபினெட் ஃபேன்களின் வேகத்தை பிராசஸர் வெப்பநிலையோடு கட்டியிருக்கும். இதில் இரண்டு குறை. ஒரு மென்பொருளைத் திறந்த கணமே பிராசஸர் 20 டிகிரி துள்ளி உடனே இறங்கும். ஃபேன்களும் கூடவே ஊளையிட்டு அடங்கும். அதற்கு நேர்மாறாக, கேம் ஓடும்போது கார்டு பெட்டியைச் சூடாக்கிக்கொண்டிருந்தாலும், பிராசஸர் நிதானமாக இருந்தால் ஃபேன்கள் அசையாது.

கேபினெட் ஃபேன்களை மதர்போர்டின் வெப்ப உணரியோடு கட்டுங்கள். பயாஸில் வழியில்லாவிட்டால் ஃபேன் கன்ட்ரோல் என்ற இலவச மென்பொருள் கார்டின் வெப்பநிலையையும் சேர்த்துக் கணக்கில் எடுக்கும். கீழ்மட்ட வேகம் 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். வெப்பமான அறையில் முழுதாக நிறுத்துவது பயன் தராது. பயாஸில் தாமதம் என்ற அமைப்பு இருந்தால் சில விநாடிகள் கொடுங்கள். கணநேரத் துள்ளலுக்கு ஃபேன் பதறாது.

தூசி

ஜன்னல் தெருவைப் பார்த்திருக்கும் வீட்டில் முன் வடிகட்டியை மாதம் ஒரு முறை கழற்றுங்கள். நைலான் வலை என்றால் குழாய் நீரில் கழுவி, நிழலில் ஈரம் முழுவதும் போகும்வரை உலர்த்தி மாட்டலாம். வடிகட்டி அடைத்துக்கொண்டால் நீங்கள் மேலே செய்த எல்லா வேலையும் வீண்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை உள்ளே சுத்தம் செய்யுங்கள். கணினியை அணைத்து, மின் இணைப்பைப் பிடுங்கி, வெளியே எடுத்துப்போய் புளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஒவ்வொரு ஃபேனின் இறக்கையையும் விரலால் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். புளோயரின் காற்றில் அது அளவுக்கு மீறிச் சுழன்றால் பேரிங் கெடும். கூலரில் தூசி அதிகம் சேருவது ஃபேனுக்கும் உலோகத் தகடுகளுக்கும் நடுவில், வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இடத்தில். ஃபேனின் கம்பிக் கொக்கியை விடுவித்துத் தூக்கிப் பாருங்கள். தகடுகளின் விளிம்பில் சாம்பல் நிறப் படலம் ஒட்டியிருந்தால் மெல்லிய பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக இழுத்துவிட்டுப் பிறகு ஊதுங்கள்.

காற்றால் தீராதது

மூடியோடும் மூடி இல்லாமலும் எடுத்த எண்களுக்கு இடையே 2 அல்லது 3 டிகிரிதான் வித்தியாசம் என்ற நிலை வந்ததும் காற்றோட்ட வேலை முடிந்தது. அதற்குப் பிறகும் பிராசஸர் தன் உச்ச வெப்பத்தைத் தொட்டு வேகத்தைக் குறைக்கிறது என்றால் மூன்றாம் படியைக் கவனியுங்கள். கூலரைக் கழற்றிப் பேஸ்ட்டைப் புதுப்பியுங்கள். திருகுகள் நான்கும் சமமாக இறுகியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

அதைவிட முக்கியம், வோல்டேஜ். அதே வேகத்தில் 1.35 வோல்ட்டை 1.30க்கு இறக்க முடிந்தால் மின்சாரம் 7 சதவீதம் குறையும். 180 வாட் 167 ஆகும். முன்பு பார்த்த 45 டிகிரி உயர்வு இந்த 180 வாட்டுக்கானது என்று கொண்டால், 4 வாட்டுக்கு 1 டிகிரி. இங்கே குறைந்த 13 வாட் 3 டிகிரிக்கு மேல் தரும். 0.01 வோல்ட்டாக இறக்கிக்கொண்டே போய், ஒவ்வொரு படியிலும் பிரைம்95 பிழையில்லாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். கடைசி 100 மெகாஹெர்ட்ஸுக்காக 0.08 வோல்ட் கூடுதலாகக் கேட்கும் சிப்பில், அந்த 100ஐ விட்டுக்கொடுப்பதே அறிவுடைமை.

கடைசியாக, ஓவர்கிளாக்கின் நிலைத்தன்மையைச் சோதித்த நாளின் அறை வெப்பநிலையைக் குறித்து வையுங்கள். டிசம்பர் இரவில் 26 டிகிரி அறையில் தேறிய அமைப்பு, மே மாத மதியம் 36 டிகிரியில் தேறும் என்று எண்ணிவிடக் கூடாது. எல்லாப் பாகங்களும் 10 டிகிரி மேலே இருக்கும். இன்றைய பயாஸ்கள் பல அமைப்புகளைத் தனித்தனிப் பெயரில் சேமிக்க இடம் தருகின்றன. கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று என இரண்டைச் சேமியுங்கள். கோடை அமைப்பை மே மாதத்தில், வீட்டில் அதிகச் சூடான நேரத்தில், மூடிகள் எல்லாம் மூடியிருக்க, ஒரு மணி நேரச் சுமையில் சோதித்துத் தேர்ந்தெடுங்கள். அடுத்த ஆண்டிலிருந்து பங்குனி பிறந்ததும் அதற்கு மாறிவிடுங்கள்.